எங்கள் வாசலில் மெதூசா

அக்டோபர் 12, ஞாயிறு. பேர்லேண்ட்.

காலையில் எதிர்வீட்டு எலேனி எங்கள் வாசலில் நின்று திருஷ்டி பொம்மையை போட்டோ எடுத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்த என் மகள் நிலா, "அம்மா, ஷி இஸ் டேக்கிங் எ பிக்சர்!" என்று கத்தினாள். காலனி அசோசியேஷனில் கம்ப்ளெயின்ட் பண்ணப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல, கராஜ் உள்ள மாட்டுன்னு," என்றார் இவர்.

பெல் அடித்தது. கதவைத் திறந்ததும் எலேனி போனை நீட்டினாள். கிரீஸில் அவள் அம்மா வீட்டு வாசல். கதவில் ஒரு பெண்ணின் தலை. முடியெல்லாம் பாம்பு, நாக்கு வெளியே. மெதூசாவாம். கண் படாமலிருக்க அவர்களும் மாட்டுவார்களாம்.

மெதூசா ராட்சசியாகப் பிறக்கவில்லையாம். அழகான பெண்ணாம். கடல் தெய்வம் அவளைக் கோயிலுக்குள்ளேயே கெடுத்திருக்கிறான். கோயில் தேவிக்கோ அவள்மேல்தான் கோபம். கூந்தலைப் பாம்பாக்கிவிட்டாள். பிற்பாடு ஒருவன் வெட்டிய அந்தத் தலையையே தன் கேடயத்தில் காவலுக்குப் பதித்துக்கொண்டாளாம்.

"அடிப்பாவி, தண்டனையும் குடுத்து வேலையும் வாங்கிட்டாளா!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். நிலா இங்கிலீஷில் சொன்னதும் எலேனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உங்கள் பொம்மை யார்?" என்று கேட்டாள். எனக்கே தெரியாது என்று சொல்லி உள்ளே கூப்பிட்டேன். காபி போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வருஷமாகக் கையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தோம். இன்று மத்தியானம்வரை என் கிச்சனில் உட்கார்ந்திருந்தாள். இந்த ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு சீக்கிரம் போனதே இல்லை.

யார் கண்ணும் படக்கூடாது என்றுதான் பொம்மையை மாட்டினேன். நல்லவேளை, அது எலேனி கண்ணில் பட்டது.