படகில் உமக்குச் சொன்ன மூன்று காரணங்கள்

நயினாதீவுப் படகில் உமக்கு நான் சொன்னவை மூன்று. அதே ஒழுங்கில் எழுதுகிறேன். ஒழுங்கு குலைந்தால் எனக்குத் தடுமாறும்.

1. மூளைக்காய்ச்சல் கிருமியின் உறை சீனியால் ஆனது.
2. வெறும் சீனியால் செய்த தடுப்பூசி கைக்குழந்தையின் உடலில் நினைவாகத் தங்காது.
3. ஆகவே, இரண்டாவது ஊசி போட்டிருந்தாலும் பயனில்லை.

இன்று காலை கரம்பொனிலிருந்து உம்முடைய மகளும் பேத்தியும் ஒரு குட்டான் பனங்கட்டியோடு வந்தார்கள். ஓலையைப் பிரித்ததும் எழுந்த வாசம் உம்மைக் கொண்டுவந்தது. குட்டானில் ஓலை வெளியே, இனிப்பு உள்ளே. அந்தக் கிருமியில் இனிப்புத்தான் வெளியே என்று படகில் நான் சொன்னபோது சிரித்தீர்.

நைஜீரியாவில் நாம் இருவரும் படிப்பித்த காலம். ஒரு வயதாகாத உம்முடைய மகளுக்கு மூளைக்காய்ச்சலுக்கான முதல் ஊசி போடுவித்தீர். சில மாதங்களில் மறுபடி வரச் சொன்னார்கள். பரீட்சைத் தாள்கள் குவிந்திருந்தன, போகவில்லை. பிள்ளைக்கு அதே காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது, காது போயிற்று.

"தாள் திருத்த நிண்டனான், ஐசே. பிள்ளையைக் கொண்டுபோகேல்லை," என்று ஊர் திரும்பிய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தீர்.

படகிலும் அதையே தொடங்கினீர். இயந்திர இரைச்சலுக்கு மேலாக நான் கத்தி விளக்கினேன். சீனியைப் புரதத்தோடு பிணைத்தால்தான் உடலின் மற்ற எதிர்ப்புக் கலங்களும் உதவிக்கு வரும், நினைவு தங்கும். அந்தக் காலத்து ஊசியில் சீனி மட்டுமே. பக்கத்திலிருந்த பெண் கேட்டாள்: "என்ன அண்ணை, சீனி விலை ஏறிட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை, இவர் கிருமிக்குச் சட்டை தைக்கிறார்," என்றீர். பிறகு என் பக்கம் திரும்பி, "நீர் ஆறுதலுக்குப் பொய் சொல்லத் தெரியாத ஆள். அதாலை நம்புறன்," என்றீர். சாகும்வரை அந்த ஊசியைப் பற்றி நீர் பேசவேயில்லை.

பேத்தி லண்டனுக்குப் படிக்கப் போகிறாள். அங்கே இந்த நோய்க்கு ஊசி போடச் சொல்கிறார்களாம். உம்முடைய மகள் கையசைத்துக் கேட்டதை அவள் எனக்குச் சொன்னாள்: "அது நல்ல ஊசியோ எண்டு அம்மா கேக்கிறா."

"ஓம், இது புரதத்தோடை கட்டினது," என்றேன்.

நான் படிப்பித்தது இரசாயனம், மருத்துவம் அல்ல. சொன்னது சரிதானா என்று அவர்கள் போனபின் மீண்டும் வாசித்தேன். இந்தக் கிருமியில் பல வகை உண்டு; அதில் 'ஏ' வகையின் சீனி மட்டும் விதிவிலக்காம். இரண்டு முறை போட்டால் கைக்குழந்தையின் உடலும் ஓரளவு எதிர்த்து நிற்குமாம், கொஞ்சக் காலத்துக்கு. அன்று நைஜீரியாவில் பரவியது 'ஏ' வகைதான்.

உம்முடைய பிள்ளையை அந்த இரண்டாவது ஊசி காப்பாற்றியிருக்குமோ, எனக்குத் தெரியாது. காப்பாற்றியிராது என்று அடித்துச் சொல்ல ஏலாது. நீர் படகில் இறக்கிவைத்த பாரத்தை இப்போது நான் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது காரணம் பிழை, ஐசே.