அப்பா பயிற்சியளித்த அணி

அப்பாவுக்கு,

க்ரான்ஸ்கா கோராவில் நடந்த, நட்ட கம்புகளைச் சுற்றி வளைந்து இறங்கும் ஸ்லாலம் பனிச்சறுக்குப் பந்தயத்தில் நான் ஜெயித்ததும் கைகளை விரித்துக்கொண்டு ஓடிவந்தீர்கள். பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றாமலே உங்களைத் தாண்டிப் போனேன்.

போன குளிர்காலத்தில், முழங்கால் தசைநார் கிழிந்து தேறி வந்த என்னை உங்கள் அணியின் முன்னால் நிறுத்திச் சிரித்தீர்கள். "இவ கம்பச் சுத்தி வளைஞ்சு வர்றதுக்குள்ள கீழ இருக்கறவங்க சூப் ஆறிப்போயிடும்!" அணியில் என் இடம் இன்னொரு வீராங்கனையான த்யாஷாவுக்குப் போனது. அதனால் இந்தப் பந்தயத்தில் நான் ஒரு சின்ன கிளப்பின் சட்டையில் சறுக்கினேன்.

நேற்று பனிச்சறுக்குச் சங்கத்தார் வந்தார்கள். "அணிக்குத் திரும்பி வாம்மா. என்ன வேணும்னாலும் கேளு" என்றார்கள்.

அணிக்கு உங்களுக்குப் பதில் வேறு பயிற்சியாளர் வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டார்கள்.

அவர்கள் சொல்வதற்கு முன்பே என்னிடமிருந்து நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் மகள்