சுவரில் முசியேவின் முகம்

1986 நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. குடையில் இரண்டு கம்பி போச்சு. இன்றைய வேலை: மின்சார பில், செருப்புக்கு அடி வைக்கக் கொடுத்தது வாங்க வேண்டும், பாரிஸுக்கு வெளியே பொண்டியில் இருக்கும் மகனுக்குப் போன் (எடுக்கமாட்டான்), மு.வுக்கு வந்த தபாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது.

மு. என்றால் முசியே, பிரெஞ்சில் ஐயா. பதினோரு வருஷமாக அவருக்குத் தட்டச்சு செய்கிறேன், என் சொந்த நோட்டில்கூட அவர் பெயரை எழுதக் கை வரவில்லை. பாராளுமன்றத்தில் பதினெட்டு வருஷம். பெரிய கோட்டுத் தொழிற்சாலை. யூதர். இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பாதிக்கு அவர் பணத்தில்தான் கூரை. ஒன்றிலும் பெயர்ப்பலகை கிடையாது, வைக்கவும் விடமாட்டார்.

ஈரலில்தான் வியாதி. மூன்றாவது வாரம். இன்றைக்கும் ஒரு கடிதம் சொல்ல ஆரம்பித்தார், நாலு வரியில் மூச்சு வாங்கியது. நான் முடித்துக்கொள்கிறேன் என்றேன். "நீங்கள் முடித்தால் நான் மிகவும் மரியாதைக்காரனாகிவிடுவேன், மரி" என்றார். இந்த நிலையிலும் கிண்டல்.

பிறகு திடீரென்று கேட்டார்: லா ஷப்பல் வீடு பற்றி யாருக்கும் தெரியாதே?

தெரியாது என்றேன்.

பொய். இரண்டு நாளாகத் தெரியும். சூசைக்குத் தெரியும், சூசைக்குத் தெரிந்தால் அந்தக் கட்டடத்தில் இருக்கிற பதினேழு பேருக்கும் தெரியும்.

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. லா ஷப்பலில், மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ நிலையத்துப் பக்கம் ஐந்து மாடிக் கட்டடம், யாழ்ப்பாணத்துப் பையன்களும் மன்னார்ப் பையன்களும் இருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன் மு. அதை வாங்கி என்னிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தார். வாடகை கேட்காதீர்கள், என் பெயர் சொல்லாதீர்கள், நான் இருக்கும்போதும் சரி, போன பிறகும் சரி என்றார். நானே ஒரு கதை கட்டினேன்: சொந்தக்காரர் தெற்கே நீஸ் நகரத்தில் இருக்கும் ஒரு கிழவர், பிள்ளைகுட்டி இல்லை, தர்மவான் என்று. பையன்கள் கிறிஸ்துமஸுக்கு அந்த நீஸ் கிழவருக்கு வாழ்த்து அட்டைகூட எழுதித் தந்தார்கள். அதைக் கொண்டுபோய் மு.விடம் கொடுத்தேன். சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு.

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடி, இடது பக்கம். அங்கேதான் மு.வின் வீட்டார் குடியிருந்தார்களாம், போலந்திலிருந்து வந்த தையல்காரக் குடும்பம். போர்க்காலத்தில், யூதர்களைப் பிடித்த நாட்களில், ஒரு நாள் காலை போலீஸ் வந்து அப்பாவையும் அம்மாவையும் கொண்டுபோனது அங்கிருந்துதான், அவர்கள் திரும்பவே இல்லை. ஒரே ஒரு தடவை சொன்னார். வாங்கிய பிறகும் அவர் வாசல்படி தாண்டவில்லை. அந்த அறை பூட்டிக் கிடக்கக் கூடாது, சமையல் வாசனை வர வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

இப்போது அங்கே இருப்பது சூசை. மன்னார்க்காரன், முப்பது வயது, ஒரு ரெஸ்தோரானில் தட்டுக் கழுவுகிறான். ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: "உங்கட முசியே பெரிய பணக்காரர் அக்கா. எங்களுக்கு என்ன செய்தவர்? தேர்தலுக்கு வந்து கை தந்து படம் எடுத்ததோட சரி." எனக்குப் பொறுக்கவில்லை. நீ படுக்கிற பாயை விரிக்க இடம் கொடுத்தது யார் தெரியுமா என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும். ஐம்பத்திரண்டு வயதில் இந்த வாயை அடக்கத் தெரியவில்லை எனக்கு.

நவ. 6, வியாழன்

பனிமூட்டம். மெத்ரோ ரயிலில் ஒருத்தி என் காலை மிதித்துவிட்டு என்னையே முறைத்தாள்.

ஆஸ்பத்திரியில் மத்மசெல் இருந்தார். மு.வின் தங்கை, எழுபது வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணனோடுதான் வாழ்க்கை முழுவதும். அதிகம் பேசமாட்டார். அண்ணனின் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குக் கதவுக்கு வெளியே சத்தம். எட்டிப் பார்த்தால் சூசை, இன்னும் இரண்டு பேர். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் எண்ணெய், கையில் திராட்சை, தோடம்பழம், ஒரு பெரிய பூச்சாடி. தாதி விடவில்லை, குடும்பத்தாருக்கு மட்டும்தான் அனுமதி என்றாள். அவர்கள் சண்டை போடவில்லை. கதவுக் கண்ணாடி வழியாகக் கும்பிட்டுவிட்டு நின்றார்கள்.

மு. பார்த்துவிட்டார். யார் அவர்கள் என்று கேட்டார்.

வார்டு மாறி வந்துவிட்டார்கள் போல என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்து சூசையை நாலு திட்டுத் திட்டினேன்.  பழத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனான். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தின்ன மனம் வரவில்லை, அப்படியே இருக்கிறது.

நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முசியே, நான் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். இவ்வளவுதானே. என்ன செய்துவிடுவார்?

நவ. 9, ஞாயிறு

நேற்றுக் காலை போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது நினைவு இல்லை. சொல்ல முடியவில்லை.

பூசைக்குப் போகவில்லை. நாள் முழுக்க அலுவலகத்துக்குப் போன் வந்துகொண்டே இருந்தது, மந்திரிகள், மேயர்கள், யார் யாரோ. எல்லாருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொன்னேன். எத்தனையாவது தடவையோ, அதிலேயே குரல் உடைந்தது. எதிர்ப்பக்கத்து ஆள் பரவாயில்லை மதாம் என்றார். என்ன பரவாயில்லை?

நவ. 10, திங்கள்

வெயில். குளிர் எலும்பைத் துளைத்தது.

அடக்கம் பதினொரு மணிக்கு. யூதர்களுக்கு அடக்கத்தில் பூ வைக்கும் வழக்கமில்லை. ஆகவே நேற்று இரவே கட்டடத்துக்குப் போய்க் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: பூ கூடாது, மாலை கூடாது, வளையம் கூடாது, கூட்டமாக வரக் கூடாது, அழக் கூடாது. எல்லாம் கேட்டுக்கொண்டார்கள். ராசன் என்றொரு பையன், அப்ப என்னதான் செய்யலாம் அக்கா என்றான். ஒன்றும் செய்யாதீர்கள், அதுதான் பெரிய உதவி என்றேன்.

சொன்னபடி யாரும் வரவில்லை. மூன்று மந்திரிகள், அறுபது எழுபது கார். சாதாரணப் பெட்டி, பலகைதான். ஊரில் என் கணவருக்குச் செய்த பெட்டி இதைவிட ஆடம்பரம். மத்மசெல் இவர்கள் வழக்கப்படி மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்து மண் போட்டார். எனக்கும் போடச் சொன்னார்கள். போட்டேன்.

இனி ஏழு நாள் மத்மசெல் வீட்டில் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பார். கண்ணாடிகளுக்குத் துணி. அங்கே அடுப்பு மூட்டமாட்டார்கள், அக்கம்பக்கம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நம் துக்க வீடு மாதிரிதான். புதன்கிழமை நான் சூப் கொண்டுபோகிறேன்.

நவ. 12, புதன்

கை எரிகிறது, எழுத்து கோணல். பரவாயில்லை.

பத்து மணிக்குச் சூப்போடு போனேன். வாசல் கதவு சாத்தியிருந்தது. இவர்கள் துக்கத்தில் திறந்தே வைப்பார்கள். மணி அடித்தேன், பதில் இல்லை. மரி வந்திருக்கிறேன் என்று நாலு தடவை சொன்ன பிறகு திறந்தார். கோட்டு போட்டிருந்தார். காலில் தெருச் செருப்பு. பக்கத்தில் சின்னப் பெட்டி. சன்னல் எல்லாம் மூடி, பட்டப்பகலில் இருட்டு.

என்னைப் பார்த்துக் கேட்டார்: "அவன் இறந்தது அவர்களுக்குத் தெரியாதா? ஏன் இன்னும் தேடுகிறார்கள்?"

புரியவில்லை. திரையை விலக்கிப் பார்த்தேன். அம்மாடி!

எதிர்ச் சுவரில் வரிசையாக ஆறு படம். மு.வின் முகம், போன தேர்தல் நோட்டீஸில் இருந்த அதே சிரிப்பு. சுற்றிலும் கறுப்புக் கட்டம். மேலே கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. கீழே சூசையின் முத்து முத்தான கையெழுத்து, போட்டோகாப்பி எடுத்திருக்கிறார்கள்:

"வீடில்லாத எங்களுக்கு வீடு தந்த ஐயாவுக்கு. உங்கள் பிள்ளைகள்."

மத்மசெலுக்குத் தமிழ் தெரியுமா? அவர் கண்டது அண்ணன் முகமும், தெரியாத எழுத்தும், கறுப்புக் கட்டமும். போர்க்காலத்தில் சுவரில் ஆட்களின் படம் போட்டு ஒட்டுவார்களாம், தேடப்படுகிறவர்கள், யூதர்கள், வெளிநாட்டுக்காரர்கள் என்று. முகம் சுவருக்கு வந்தால் அடுத்தது கதவைத் தட்டுவார்கள் என்றார். நேற்றிலிருந்து பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடவில்லை, படுக்கவில்லை.

எவ்வளவோ சொன்னேன். இது எங்கள் ஆட்கள் செய்தது, மரியாதை, துக்கம். தலையை ஆட்டினார். கோட்டைக் கழற்றவில்லை.

அங்கிருந்து நேரே லா ஷப்பல். மெத்ரோப் பாலத்தூண், போன் கூண்டு, மளிகைக்கடைக் கதவு, எங்கு பார்த்தாலும் மு. சிரிக்கிறார். உயிரோடிருந்தபோது ஒரு பலகையில் பெயர் போட விடாத மனுஷன்! பூ வேண்டாம் என்றேன், மாலை வேண்டாம் என்றேன். காகிதம் வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை எனக்கு.

சூசை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வாய்க்கு வந்தபடி ஏசினேன். படிக்கட்டு முழுக்கக் கேட்டிருக்கும். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"எங்கட ஊரில செத்தவைக்கு நோட்டீஸ் ஒட்டாட்டி, அந்தாளுக்கு ஒருத்தரும் இல்லை எண்டு அர்த்தம் அக்கா. அவருக்கு நாங்கள் பதினேழு பேர் இருக்கிறம்."



பிறகு மத்மசெல் பெட்டியோடு உட்கார்ந்திருப்பதைச் சொன்னேன். அவன் முகம் செத்துப்போனது. வேலைக்குப் போகவில்லை. வாளியில் சுடுதண்ணீர், சமையல் கத்தி. நாலு பேர் பாலத்தடியில், நானும் சூசையும் மத்மசெல் வீட்டெதிரில். மைதாப் பசை, கல்லாக இறுகியிருந்தது. சுரண்டினால் முழுசாக வரவில்லை. முதலில் நெற்றி வந்தது, பிறகு ஒரு கண். வாய் மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. தெரு என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதேன். சூசை, நீங்கள் அங்கால நில்லுங்கோ அக்கா என்று என் கத்தியை வாங்கிக்கொண்டான்.

மேலே சன்னல் திரை ஒரு விரல் அளவு விலகியிருந்தது.

நவ. 13, வியாழன்

அலுவலகத்தைக் காலி செய்கிறோம். பதினோரு பெட்டிக் காகிதம். கை விரல்களில் கொப்புளம், தட்டச்சு முடியவில்லை.

மகன் தானே போன் செய்தான். முழுக் கதையும் சொன்னேன். பிரெஞ்சிலேயே, அது உன் குடும்பம் இல்லை அம்மா என்றான். தெரியும் என்று வைத்துவிட்டேன்.

நவ. 14, வெள்ளி

தூறல்.

மத்மசெல் கொஞ்சம் சூப் குடித்தார். பெட்டி இன்னும் கதவோரம். சுவர் சுத்தமாகிவிட்டது என்றேன். பார்த்தேன் என்றார்.

நான் சொல்லிவிட்டேன். என் வாயால்தான் இத்தனையும். முசியேவுக்குக் கொடுத்த வாக்கை மீறினேன், அவர் கேட்டபோது இரண்டு தடவை பொய் சொன்னேன், அவர் கண்ணை மூடிக்கொண்டார். மன்னியுங்கள் என்றேன்.

"அது உங்களுக்கும் அவனுக்கும் இடையில்" என்றார். "என்னிடம் கொண்டுவராதீர்கள். அவனுக்குப் பதிலாக நான் மன்னிக்க முடியாது."

சரிதான். அவர் சொன்னது சரிதான். வலிக்கிறது.

ஒட்டிய ஆளைப் பார்க்க வேண்டும் என்றார் பிறகு. எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டிவருகிறேன் என்றேன்.

நவ. 16, ஞாயிறு

சூசை யாருடைய கோட்டையோ இரவல் வாங்கிப் போட்டு வந்தான், கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. மெத்ரோவில் வழிநெடுக, போலீஸுக்குக் குடுப்பாவோ அக்கா என்று கேட்டுக்கொண்டே வந்தான். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வராதவன். பயம் அவனுக்கும். இருந்தாலும் வந்தான்.

மத்மசெல் முக்காலியில். எதிரே நல்ல நாற்காலி போட்டிருந்தது. சூசை அவர் உட்கார்ந்திருந்த உயரத்தைப் பார்த்தான், நாற்காலியைத் தொடவில்லை, கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். செத்த வீட்டில் உட்காருவது போல. 

ஏன் ஒட்டினாய் என்று கேட்டார். அவன் என்னிடம் சொன்னதையே சொன்னான், தலையை நிமிர்த்தாமல். நான் பிரெஞ்சில் திருப்பினேன். ஒட்டாவிட்டால் அவருக்கு யாரும் இல்லை என்று அர்த்தம். அந்த இடத்தை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாருக்கும் ஒட்டுவீர்களா என்றார்.

"ஓம். ஆனா என்ரை அண்ணைக்கு ஒட்டேலை. ஆமி கொண்டுபோனது. எப்ப செத்தவர் எண்டு தெரியாது. திகதி இல்லாமல் எப்பிடி ஒட்டுறது?"

இது எனக்கே தெரியாது. மூன்று வருஷமாகப் பார்க்கிறேன் இவனை. ராணுவம் கொண்டுபோனது என்று திருப்பிச் சொன்னேன்.

மத்மசெல் கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், இறந்து எத்தனை நாளைக்குள் ஒட்ட வேண்டும் என்று.

சூசை யோசித்தான். முப்பத்தோராம் நாளுக்கும் ஒட்டுவினம், வருஷத் திவசத்துக்கும் ஒட்டுவினம், அதுக்குப் பிறகு ஆரும் ஒட்டிக் காணேலை என்றான்.

"நாற்பத்துநாலு வருஷமாகிறது" என்றார் மத்மசெல். "திகதி எங்களுக்கும் தெரியாது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும்."

சொன்னேன் அவனிடம். சூசை இரவல் கோட்டின் பைகளைத் தடவினான், பேனா இல்லை. என் பக்கம் கையை நீட்டினான்.

"பேரைச் சொல்லச் சொல்லுங்கோ அக்கா."