சீர் செய்தாயிற்று என்றீர்கள், மச்சான்

அன்புக்குரிய மச்சானுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உங்களை அடக்கம் செய்த அன்று, நீங்கள் வீடு பார்த்துக் கொடுத்தவர்கள் வரிசையில் நின்று அழுதார்கள். நானும் உங்களால் வீடு வாங்கியவன்தான். நான் அழவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தது. படுக்கையில் கிடந்த மனிதரிடம் அதை எப்படிக் காட்டுவது?

இப்போது முதலாண்டு நினைவுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லித் தேவாலயப் பங்கு இதழில் கேட்கிறார்கள். நல்லதாக நாலு வரி எழுத உட்கார்ந்தேன். இதுதான் வருகிறது.

அகரத்தில் அந்த வீட்டைச் சின்னப்பன் விற்கிறார் என்று என்னை அழைத்துப் போனது நீங்கள். அவருடைய அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனவர். பட்டா சின்னப்பன் பெயரில் இருந்தது. வில்லங்கச் சான்று சுத்தம். வீட்டு வரி ரசீதும் கையில் இருந்தது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றீர்கள். வாசல் வடக்கா கிழக்கா என்று பார்க்க மட்டும் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டீர்கள். எம்.ஏ. படித்த நானும் தலையாட்டினேன். வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைத்தான் சொல்லும், அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகளைச் சொல்லாது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

குஜிலியம்பாறையில் எங்கள் அப்பா விட்டுப்போன நிலத்தை விற்று, வருங்கால வைப்பு நிதியிலும் எடுத்து வாங்கினேன். கடன் இல்லாத வீடு என்று எவ்வளவு பெருமை எனக்கு! வங்கிக்குப் போயிருந்தால் அங்கே ஒரு வக்கீலாவது தாள்களைப் புரட்டி, வாரிசுச் சான்று எங்கே என்று கேட்டிருப்பார்.

கேட்க வேண்டியதை நானும் ஒரு முறை கேட்டேன், மச்சான். பதிவு அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில். சின்னப்பனுக்கு ஒரு தங்கச்சி உண்டாமே, அவர் கையெழுத்து வேண்டாமா என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"அதுக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பியாச்சுல்ல, மாப்ள. ஒங்கப்பா நெலத்த நீ வித்தப்ப ஏம் பொண்டாட்டி வந்து பங்கு கேட்டாளா? அது மட்டும் எப்படிக் கேக்கும்?"

கேட்டுவிட்டார். பெயர் ஸ்டெல்லா. தொப்பம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவர். அவர் அனுப்பிய அந்த நோட்டீசுக்கு நான் பதில் போடாமலே இருந்ததால், போன மாதம் வீட்டுக்கே வந்தார். சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தான் பிறந்த வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நல்ல விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன், போய் உங்கள் அண்ணனைக் கேளுங்கள் என்றேன். சீர் செய்ததையும் சொன்னேன். உங்கள் வார்த்தை அப்படியே என் வாயில் வந்தது.

"கட்டிலு பீரோவெல்லாம் குடுத்தாங்க, இல்லைங்கல. அதுக்குள்ள குடியிருக்க முடியுமுங்களா?" என்றார். பிறகு, "ஏனுங்க, உங்களுக்குக் கூடப்பொறந்த பொம்பளைப் புள்ளைக இல்லீங்களா?"

எனக்கு ஒரு அக்கா என்றேன். அதற்கு மேல் அவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

வழக்கை வருடக்கணக்கில் இழுக்கலாம், அந்த அம்மா அலைந்து ஓய்ந்துவிடும் என்கிறார் என் வக்கீல். நானும் அதற்குத்தான் சம்மதித்திருந்தேன். அன்றிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. சின்னப்பன் செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்? அவர் தங்கச்சியிடம் கேட்கவில்லை. நான் அக்காவிடம் கேட்கவில்லை. உங்கள் மேல் ஒரு வருடமாக வளர்த்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுத்த நீங்கள் கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருந்தீர்கள். உங்களுக்குத் தெரியாத சேதி ஒன்று: மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று வீட்டுக்காரர் அக்காவைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். நேற்று அவளைப் பார்க்கப் போனேன். நிலத்தைப் பற்றி முதல்முறையாக வாயைத் திறந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே பேசினாள்.

"அதுல ஒரு துண்டு கெடைச்சிருந்தா அப்பவே ரெண்டு ரூம்பு போட்டிருப்பேன். தம்பிகிட்ட கேட்டா மரியாத போயிரும்னாரு இவரு. இம்புட்டு வருசம் அந்த மரியாதைக்குத்தான் வாடகை குடுத்தோம்."

உனக்குச் சேர வேண்டியதைத் தந்துவிடுகிறேன் என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வாயால வேணாம்ப்பா. எழுதிக் குடு."

எழுதிக் கொடுக்கப் போகிறேன், மச்சான். முதலில் ஸ்டெல்லாவிடம் பேசி, அவர் பங்கைத் தீர்த்து, உரிமையை விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் வாங்குவேன். அதற்கு வீட்டையே விற்க வேண்டி வந்தாலும் விற்பேன். மிஞ்சியதில் சரிபாதி அக்கா பெயரில் பதிவாகும். இந்த வயதில் நான் வாடகைக்கு வீடு தேட நேரலாம். உங்கள் மேல் உள்ள வருத்தம் இதனால் தீர்ந்துவிடாது. தீர்ந்தது என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

சின்னப்பன், ஸ்டெல்லா என்பவை நான் வைத்த பெயர்கள். ஊர்களையும் மாற்றியிருக்கிறேன். என் பெயரைப் போட்டால் உங்கள் பெயர் தெரிந்துவிடும். உங்களை நம்பி வீடு வாங்கியவர்கள் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அக்கா வாசலில் போய் நிற்பார்கள். அவரவர் தங்கள் பத்திரத்தைத் தாங்களே எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும். எதிரே தபால்பெட்டி இருக்கிறது. பெயர் எழுதாமல் இதைப் பங்கு இதழுக்குப் போட்டுவிட்டு வருகிறேன்.

உங்கள் மச்சினன்