சங்குக்கு வந்த புதுக் கதை

ஜூன் 3, புதன்

காலையிலேயே வெயில். காட்டூரில் ஒரு இலைகூட அசையவில்லை. பிளம்பர் இன்றும் வரவில்லை. பி.டி. டீச்சர் வேலை: ஸ்கூல் பந்து எட்டு, எல்லாவற்றுக்கும் காற்றடிக்க வேண்டும்.

பேப்பரில் என்னோடு ஆடிய வசந்தி படம்! எங்கள் பழைய சங்கு புட்பால் டீம் இனி புரொபஷனல் லீகில். வாங்கியவர் ஸ்ரீரங்கத்துக்காரர். வ. தான் கோச். சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். பிறகு கீழே இருந்த பத்தி. பெருமாள் கைச் சங்கை நினைத்து, ராஜகோபுரத்தடியில் நின்று தோழிகளோடு வைத்த பெயராம். சொன்னது கோச் வசந்தி.

மூன்று முறை படித்தேன். காப்பி ஆறிவிட்டது.

ஜூன் 4, வியாழன்

நடந்ததை எனக்காகவாவது எழுதி வைக்கிறேன்.

பொன்மலை கிரவுண்டு. நாங்கள் எல்லோரும் ரயில்வே ஒர்க்‌ஷாப் வீட்டுப் பெண்கள். முதல் டோர்னமெண்டுக்குப் பெயர் கொடுக்கப் போனோம், நானும் வ.வும். டீமுக்குப் பெயர் வைக்கவே மறந்திருந்தோம். மேஜையில் இருந்தவர், "டீம் பேரு என்னம்மா?" என்றார். அந்த நேரம் பார்த்து ஷிப்ட் முடிந்து ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது. காதே அடைத்தது. "இருங்க சார், சங்கு!" என்று கத்தினேன். சத்தம் நிற்கட்டும் என்றுதான். அவர் 'சங்கு' என்று எழுதிக்கொண்டார்.

வ. தலையில் அடித்துக்கொண்டாள். "விளங்கும்டி! சாவு வீட்டுப் பேரு!"

கோபுரமாம்.

மாலை: பந்து ஐந்துதான் தேறியது.

ஜூன் 6, சனி

ஸ்ரீரங்கம் போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே. புது ஆபீஸ், ஏசி, வாசலில் பெரிய வெள்ளைச் சங்கு.

"ஏன்டி பொய் சொன்ன?"

"நான் எங்கடி சொன்னேன்? அவங்களே எழுதி வச்சிருந்தாங்க. சரியான்னு கேட்டாங்க, தலையாட்டினேன்."

"அது நான் சொன்ன பேருடி."

"நீ எங்க சொன்ன? அந்த ஆளு தப்பா எழுதினாரு. இதப் போய் மேடையில சொல்ல முடியுமா? ஒர்க்‌ஷாப் சங்குன்னா எவன் டிக்கெட் வாங்குவான்?"

"உங்கப்பாவும் அந்தச் சங்குக்குத்தானே தினம் சைக்கிள்ல ஓடினாரு?"

போனை எடுத்துப் பார்த்தாள். பிறகு இரண்டு பாஸ் நீட்டினாள், முதல் வரிசையாம். வாங்கவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கூடவே நின்றவள் அவள்.

ஜூன் 7, ஞாயிறு

துணி துவைத்தேன். பிளம்பர் வந்தான், வாஷர் இல்லை என்று போய்விட்டான். வ. போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

மதியம் டீம் ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"மேடம், பேர் வந்த கதை தப்புன்னு யாரோ மெயில் போட்டிருக்காங்க. நீங்களும் அன்னைக்குக் கூட இருந்தீங்கன்னு வசந்தி மேடம் சொன்னாங்க."

மெயில் போட்டது நானில்லை.

"கதை பொய்யின்னா கோச்சை மாத்திடுவேன்னு முதலாளி கோவமா இருக்காரு. நீங்க சொல்லுங்க, பேப்பர்ல வந்தது சரியா?"

வசந்திக்கு இருப்பது இந்த ஒரு வேலைதான்.

"சரிதாங்க," என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நான் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று தெரிந்தேதான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள்.