பணயமாக வந்த சூப்புச் சட்டி

1748, மே 3

மொசியே மொரேன் இன்றும் சூப்பில் பூண்டை அள்ளிப் போட்டார். போர்க் கைதியை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்ன அதிகாரிகள் பூண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரெஞ்சுக் கப்பற்படை லெப்டினன்ட். தப்பி ஓடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததால் சிறைக்குப் போகாமல் ஒரு வருடமாக என் மாடியறையில் இருக்கிறார்.

சண்டையை நிறுத்த முதற்கட்ட உடன்பாடாம். ஏப்ரல் 19 என்று நம் பத்திரிகை. ஏப்ரல் 30 என்று அவர். இரண்டும் ஒரே நாள்தான். போப்பாண்டவர் திருத்திய நாட்காட்டி நமக்கு வேண்டாம் என்று இங்கிலாந்தில் நாம் பதினொரு நாள் பின்னால் இருக்கிறோம்.

"பொழுது விடியறதுகூட உங்க ஊர்ல தாமதம்தான் போல, அம்மணி."

"தாமதமா வந்தும் உங்க கப்பலப் பிடிச்சோமில்ல?" என்றேன். சூப்பைக் கலக்கப் போய்விட்டார்.

மே 11

ஊரிலிருந்து ஒரு மைல்தான் கைதிக்கு எல்லை. தினமும் மாலை டோவர் சாலை மைல்கல்வரை நடந்து, கைத்தடியால் அதைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். இன்று நானும் போனேன். வேண்டுமென்றே கல்லைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு, "வாங்களேன், இங்க பூ நிறைய இருக்கு" என்றேன்.

"வாக்குக் குடுத்திருக்கேன், அம்மணி."

"யார் பார்க்கப் போறாங்க?"

"நீங்க பார்க்கறீங்களே."

பூவைப் பறிக்காமலே திரும்பிவிட்டேன். எதற்கு வெட்கப்பட்டேன்?

அக்டோபர் 19

உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. அமெரிக்காவில் நாம் பிடித்த கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, கிழக்கே எங்கோ மதராஸ் என்ற ஊர் நமக்குத் திரும்பக் கிடைக்குமாம். அந்த ஊர்க்காரர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா, தெரியவில்லை. கோட்டை கைமாறும்வரை நம் பிரபுக்கள் இருவர் பாரிஸில் பணயமாக இருக்க வேண்டுமாம்.

நம் மாலுமி ஒருவனின் காதை ஸ்பெயின்காரர்கள் அறுத்தார்கள் என்று தொடங்கி, பிறகு பிரான்சும் சேர்ந்துகொண்ட சண்டை. காதுக்காகப் போன என் தாமஸ் முழுசாகவே போய்விட்டான். குண்டுகூடப் படவில்லை, காய்ச்சல். ஒன்பது வருடம் கழித்து எல்லாரும் பழைய இடத்திலேயே நிற்கிறார்கள்.

"சமாதானம் வந்தா சிரிக்கணும், அண்ணி. உங்க மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?" என்றாள் தாமஸின் தங்கை டார்க்கஸ். அவளுக்குக் கண் ரொம்பக் கூர்மை.

நவம்பர் 4

போய்விட்டார். வாசலில் நின்று, என்னைக் கல்யாணம் கட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். திரும்பி வாங்க, அப்புறம் பதில் சொல்கிறேன் என்றேன்.

"மே இருபதாம் தேதி வருவேன். அதுவரைக்கும் இது பணயம்." தன் செம்புச் சட்டியை என் கையில் வைத்தார். பிரபுக்களைவிட இது உருப்படியான பொருள்தான்.

நவம்பர் 5

சூப் வைத்தேன். வாயில் வைக்க முடியவில்லை. பூண்டு போடவில்லை.

1749, ஏப்ரல் 30

சமாதானத்துக்காக லண்டனில் வாணவேடிக்கை நடத்தி, அதற்குக் கட்டிய மண்டபத்தையே கொளுத்திக்கொண்டார்களாம். சண்டையைவிடச் சமாதானம் ஆபத்துதான்.

மே 8

அவருடைய இருபது என்றால் நமக்கு ஒன்பது. அதாவது நாளை! நீல கவுனை வெளியே எடுத்தேன். சட்டியை இரண்டு தடவை தேய்த்தேன்.

மே 9

வரவில்லை. காற்று எதிராக இருந்திருக்கும்.

மே 10

காற்று நன்றாகத்தானே வீசுகிறது?

மே 13

வரமாட்டான். எனக்கு வேணும், நல்லா வேணும்! நீல கவுனாம், தேய்ச்ச சட்டியாம் — முப்பத்தாறு வயசுல இது எனக்குத் தேவையா? சட்டியில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டேன்.

மே 20

மாவு பிசைந்துகொண்டிருந்தேன். டார்க்கஸ் ஓடி வந்தாள். "அண்ணி! நம்ம பூண்டுக்காரர் மைல்கல்லுல உக்காந்திருக்கார்! வாங்கன்னா வரமாட்டேங்கறார். உங்க அனுமதி இல்லாம கல்லைத் தாண்டமாட்டாராம்."

மாவுக் கையோடு ஒரு மைலும் நடந்தேன். அழுக்கு ஏப்ரன் வேறு. கல்லுக்கு அந்தப் பக்கம், பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"பதினோரு நாள் லேட்டு!" என்று கத்தினேன்.

"உங்க வீட்டுக்கு வர்றேன்னா உங்க தேதிதானே, அம்மணி? நான் பார்த்துப் பார்த்து உங்க கணக்குல வந்தேன்."

"நீங்க சொன்ன தேதியாச்சேன்னு நான் உங்க கணக்குல காத்திருந்தேன்!"

ராஜாக்கள்கூட இவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கமாட்டார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். "உள்ள வரலாமா?"

"வரலாம். ஆனா நிபந்தனை இருக்கு. இனிமே இந்த வீட்டிலேர்ந்து ஒரு மைலுக்கு மேல போகக் கூடாது."

"எவ்வளவு நாளைக்கு?"

"உங்க கணக்கா, எங்க கணக்கா?" என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லைத் தாண்டி வந்தார்.

மே 21, அவர் கணக்கில் ஜூன் 1

கோழிகளிடமிருந்து சட்டியை மீட்டாயிற்று. சூப்பில் இன்று பூண்டு மிக அதிகம். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.