வெறுமையாய் விட்ட கட்டம்

என் ஆசை அக்கா,

உங்கள் கட்டுரைக்குப் பதில் வந்திருக்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் பதிலைச் சொன்னால் நீங்கள் கோபிப்பீர்கள். "முதல்ல என்ன செய்தனீ, பிறகு என்ன கண்டனீ, ஒழுங்காச் சொல்லு" என்பீர்கள். அப்படியே சொல்கிறேன்.

நாங்கள் இப்போது எங்கள் ஊரான அடம்பனில் இல்லை. கடல் தாண்டி மன்னார்த் தீவில், கீரியில், அம்மாவின் சிநேகிதி ஒருவரின் வளவில் கொட்டில் போட்டு இருக்கிறோம். கேட்பவர்களுக்கெல்லாம் அம்மா சுகம் என்றுதான் சொல்கிறா. தொடாமல் கிடக்கும் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கக்கூடும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. யுத்தத் தடையால் சீமெந்து எங்கள் பக்கம் வராத காலம் அது. அரிசி ஆலைகளுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் உமியை எரித்து, அந்தச் சாம்பலை அரைத்து, கிடைக்கிற கொஞ்சச் சீமெந்தோடு கலந்தால் வீடு கட்டுகிற அளவுக்குப் பலம் வருமா? யாழ்ப்பாணத்தில் கம்பஸ் ஆய்வுகூடத்தில் நீங்கள் தேடியது அதைத்தான். சாந்தைச் சின்னச் சின்னக் கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, யந்திரத்தில் வைத்து நொறுக்கி, எவ்வளவு பாரம் தாங்கியது என்று எழுதுவீர்கள். ஒரு கிழமை ஊறிய கட்டிகளையும் ஒரு மாதம் ஊறியவற்றையும் அளந்து முடித்தாயிற்று. மூன்று மாதக் கட்டிகள் ஊறிக்கொண்டிருக்கும்போதுதான் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழும்பி நடந்தது.

நீங்கள் கடலேரியைப் படகில் கடந்து, ஈரச் சாக்கோடு வீட்டுக்கு வந்தீர்கள். அம்மா சாக்கை அவிழ்த்துப் பார்த்தா.

"உடுப்பெல்லாம் எங்கயடி?"

"விட்டிட்டு வந்திட்டன். இது காயக்கூடாதம்மா."

கட்டிகளைக் கிணற்றடித் தொட்டிக்குள் இறக்கிய பிறகுதான் நீங்கள் தேத்தண்ணி குடித்தீர்கள்.

சில கிழமைகளில் காய்ச்சல் வந்தது. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது, இங்கே மருந்தில்லை, மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ என்றார் டொக்டர். வழியில் இருந்த ஆமியின் சோதனைச் சாவடி அன்று திறக்கவில்லை. அடுத்த நாளும் திறக்கவில்லை. ட்ரக்டர் பெட்டியில் உங்களைக் கிடத்தி, வெயில் முகத்தில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். குடை பிடிப்பதைத் தவிர நான் வேறு என்ன செய்திருக்கலாம்? இன்றைக்கும் தெரியவில்லை.

உங்கள் காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, கட்டிகளுக்கு மூன்று மாதம் ஆகும் நாள் வந்தது. யந்திரம் யாழ்ப்பாணத்தில். பாதை பூட்டு. அன்று அளக்காவிட்டால் அது பிறகு வேறு வயதுக் கட்டி என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். நானும் அம்மாவும் தொட்டியருகே நின்று தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நாள் அப்படியே போய்விட்டது.

நீங்கள் எழுதி வைத்த கட்டுரையையாவது, நீங்கள் சொல்லியிருந்த வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்புவோம் என்று நினைத்தேன். நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பிக்கிறவள். உங்கள் வசனங்களில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் கண்டுபிடிப்பேன். வசனம் சொல்லுகிற விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடாது. பள்ளிக்கூடத்து டைப்ரைட்டரில் ரிப்பன் காய்ந்திருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் குத்திக் குத்தி அடித்தேன். வரிக்கு வரி இடம் விட வேண்டும், படங்களைத் தனித் தாளில் மையால் கீற வேண்டும் என்றெல்லாம் அந்தச் சஞ்சிகை கேட்டிருந்தது. இந்தச் சொல் இங்கே சரியா அக்கா என்று யாரிடம் கேட்பது?

கணக்குப் படிப்பிக்கும் யோகநாதன் மாஸ்டர்தான் கோட்டுப் படங்களைக் கீறித் தந்தார். அட்டவணையில் மூன்று மாதத்துக்கு உரிய கட்டம் வெறுமையாக இருந்ததைப் பார்த்தார்.

"பிள்ளை, கோடு போற போக்கிலயே விடை தெரியுது. அதில ஒரு நம்பரைப் போட்டா ஆருக்குத் தெரியப்போகுது? உன்ர அக்காவின்ர உழைப்பு வீணாப் போகக்கூடாது."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் பென்சிலை எடுக்கலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தா. நிமிரவில்லை.

"அவள் அளக்காததை அவள்ர பேரில எழுதாத."

கட்டத்தை வெறுமையாகவே விட்டேன். நீங்கள் காலமானதையும், அந்த அளவை எடுக்க முடியாமல் போனதையும் சஞ்சிகை ஆசிரியருக்கு ஒரு கடிதத்தில் எழுதி மேலே வைத்தேன். வெளிநாட்டுக்குத் தபால் போட மன்னாருக்குத்தான் போக வேண்டும். பாஸ் எடுத்துக்கொண்டு போனேன்.

சாவடியில் ஆமிக்காரர் உறையைப் பிரித்து, கோட்டுப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்.

"இது என்ன?" என்று அவர் கேட்டார்.

"கட்டி எவ்வளவு பாரம் தாங்கும் எண்டு காட்டுற படம், ஐயா."

"எதுக்கு? பங்கர் கட்டவோ?"

"வீடு கட்ட, ஐயா."

"எழுதினது ஆர்?"

"என்ர அக்கா."

"அவவ வரச் சொல்லுங்கோ."

நடந்ததைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த ஆமிக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னார். ஆனாலும் தாள்கள் திரும்பி வரவில்லை. பார்த்துவிட்டுத் தருவார்களாம், பிறகு வரட்டாம். பிறகு போனேன். வேறு ஆட்கள் நின்றார்கள். எந்தத் தாள் என்று என்னையே கேட்டார்கள்.

அதன்பின் அடம்பன் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. ஊரோடு நாங்களும் வெளிக்கிட்டோம். கட்டிகளைத் தூக்க வழியில்லை. அம்மா போய்த் தொட்டிக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தா. "காயக்கூடாதெண்டவள்" என்று மட்டும் சொன்னா.

கார்பன் பிரதி என்னிடம் இருந்தது. யோகநாதன் மாஸ்டர் எந்தப் பக்கம் போனாரோ தெரியவில்லை. கீரிக்கு வந்து, படங்களை நானே கீறி, மன்னார்த் தபால் கந்தோரில் கொண்டுபோய்ப் போட்டேன். நீண்ட நாள் சத்தமில்லை. போன கிழமைதான் பதில் வந்தது.

உங்கள் பெயருக்கு வந்திருக்கிறது அக்கா. நான் எழுதியதை அவர்கள் வாசித்தார்களோ என்னவோ. உறையில் பெயருக்கு முன்னால் கலாநிதி என்று போட்டிருந்தார்கள். வாசித்துச் சொன்னேன்.

"அவளுக்குப் பட்டம் குடுத்திட்டாங்களோ?" என்று அம்மா கேட்டா.

"இல்லையம்மா. எல்லாருக்கும் அப்பிடித்தான் போடுறவை."

"பரவாயில்லை. இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். வேலை பயனுள்ளது, ஆனால் மூன்று மாத அளவு இல்லாமல் வெளியிட முடியாது, அதைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினால் மறுபடி பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு மரியாதையான கடிதம்! இதற்கு நான் என்ன பதில் எழுத? தொட்டி கடலுக்கு அந்தக் கரையில், அடம்பனில். யந்திரம் வடக்கே. நீங்கள் எங்கே?

நேற்று வேறு வழியில்லாமல் உங்கள் கட்டுரையை முதலிலிருந்து வாசித்தேன். செய்முறைப் பகுதி மட்டும் எனக்கு விளங்கியது. உமியை எப்படி எரிப்பது, எவ்வளவு அரைப்பது, எவ்வளவு தண்ணீர் விடுவது, எல்லாம் சமையற்குறிப்பு மாதிரி எழுதி வைத்திருக்கிறீர்கள். உங்களைப் போல் படிக்காத ஒருத்தியும் திரும்பச் செய்யலாம் போலிருக்கிறது. அதற்காகத்தானா அப்படி எழுதினீர்கள்?

இங்கே உமியில்லை. சீமெந்தை நான் கேட்டால் தரவும் மாட்டார்கள். கையில் ஒன்றுமில்லாமல் சொல்கிறேன் அக்கா. பாதை திறந்தால் நான் கட்டி வார்ப்பேன். மூன்று மாதம் தண்ணீர் வற்றாமல் பார்த்து, யந்திரம் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோவேன். நீங்கள் நினைத்ததைவிடக் குறைந்த பாரத்தில் அது நொறுங்கினாலும், வருகிற நம்பரைத்தான் எழுதுவேன்.

எப்போது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

உங்கள் பெயருக்குக் கீழே தன் பெயரைப் போடாத,
உங்கள் தங்கச்சி